கண்டல் காட்டைக் காக்கும் ஊருக்கு ஊதியம்: ஐராவதிக் கழிமுகத்தில் முறையாகத் தொடங்குவதற்கான வழிகாட்டி

கண்டல் காட்டை (அலையாத்திக் காட்டை) வெட்டாமல் வைத்திருக்கும் ஊருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்கும் ஏற்பாட்டில், தனித்தனியாகப் பார்த்தால் கடினமான வேலை எதுவும் இல்லை. வரிசை மாறும்போதுதான் எல்லாம் கெடுகிறது. மியான்மரின் ஐராவதிக் கழிமுகத்தில் உள்ள போகலே, லபுட்டா, பியாப்போன் பகுதிகளில் புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் பணம் தருபவரைத் தேடுவதில் தொடங்குகிறார்கள். தருபவர் கிடைத்த பிறகு நிலம் யாருடையது, தொகை யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்விகள் எழும்போது அவற்றைத் தீர்த்துக்கொள்ள நேரமும் இருப்பதில்லை, ஊரில் ஒற்றுமையும் இருப்பதில்லை.

கீழே உள்ள வரிசையில் பணம் தருபவர் எட்டாவது படியில்தான் வருகிறார். கழிமுகத்து ஊர்களில் நம் தமிழ்க் குடும்பங்களில் பல நிலமற்ற கூலிக் குடும்பங்கள் என்பதையும், இத்தகைய ஏற்பாடுகளில் முதலில் விடுபட்டுப்போவது அவர்களே என்பதையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஊரின் எல்லாக் குடும்பங்களின் பட்டியல், காட்டின் தோராயமான வரைபடம், ஒரு கைப்பேசி, ஒரு தையல் நாடா, 7 மீட்டர் கயிறு, கட்டுப்போட்ட கணக்குப் புத்தகம் ஆகியவை போதும். கருவிகளில் அதிகம் செலவிட வேண்டியதில்லை.

இவற்றைவிட முக்கியம் மூன்று மொழிகளில் பேசக்கூடிய ஆட்கள். ஒரே ஊரில் பர்மியரும் கரேனியரும் தமிழரும் இருக்கும்போது, கூட்டம் பர்மிய மொழியில் மட்டும் நடந்தால் வீட்டுப் பெரியவர்களுக்கும் பெண்களுக்கும் பாதிச் செய்தியே போய்ச் சேரும். பிறகு அவர்கள் “எங்களிடம் யாரும் கேட்கவில்லை” என்று சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கும்.

அடையாள அட்டைகளையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 1982 குடியுரிமைச் சட்டத்தின்படி இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என அட்டைகள் மூவகை. நம்மவர்களில் சிலரிடம் இவற்றில் எதுவும் இல்லை. முன்பு வழங்கப்பட்ட தற்காலிக வெள்ளை அட்டையும் 2015 மார்ச்சுடன் செல்லாமற்போனது. அட்டை இல்லாதவர் வங்கிக் கணக்கோ கைப்பேசிப் பணப்பையோ தம் பெயரில் வைத்திருப்பது கடினம். அவர்களுக்குத் தொகை எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்விக்கு முதல் வாரத்திலேயே விடை தேடத் தொடங்குங்கள்.

2. வெட்டுபவர் யார், எதற்காக வெட்டுகிறார் என்பதை எழுதுங்கள்

இதுவே எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஊர்த் தலைவரிடம் கேட்டு எழுதாதீர்கள்; படகுத்துறையிலும் கரிச்சூளையிலும் நின்று கேளுங்கள். விறகுக்காக வெட்டுபவர், கனசோ என்ற கண்டல் மரத்தைக் கரியாக்கி யாங்கோனுக்கு அனுப்புபவர், கூரைக்கு டனி (நிப்பா) பனை ஓலை எடுப்பவர், வயலாக்கவோ இறால் குட்டைக்கோ கரை போடுபவர் என ஒவ்வொருவரின் காரணமும் வேறு. எனவே அவரை நிறுத்தவைக்கும் வழியும் வேறு.

கரி சுடுபவருக்குக் கூலி வேலை கிடைத்தால் அவர் விட்டுவிடக்கூடும். குட்டை தோண்டுபவர் பெரும்பாலும் வெளியூர் முதலாளி. ஊருக்குக் கொடுக்கும் சிறு தொகை அவரைத் தடுக்காது, அங்கே நில உரிமைதான் பேசும். ஓலை எடுப்பவரை நிறுத்தவே தேவையில்லை, ஏனெனில் அளவோடு ஓலை எடுப்பதால் காடு அழிவதில்லை. இந்த வேறுபாட்டைப் பாராமல் “யாரும் காட்டுக்குள் நுழையக் கூடாது” என்று விதி எழுதும் குழுக்கள், காட்டுக்குக் கெடுதல் செய்யாத ஏழைப் பெண்களையே முதலில் பகைத்துக்கொள்கின்றன.

கடனையும் சேர்த்து எழுதுங்கள். கரி சுடுபவரும் நண்டு பிடிப்பவரும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். வாங்கிய முன்பணத்தைச் சரக்கால்தான் அடைக்க வேண்டும். இவர் கையில் ஊதியத் தொகையைக் கொடுத்தாலும் அது அன்று மாலையே வியாபாரியிடம் போகும். அடுத்த முன்பணத்துக்காக இவர் மறுபடியும் கோடரியை எடுத்தாக வேண்டும். கடனை அறியாமல் தொகையை நிர்ணயித்தால் காட்டைக் காக்கும் பணம் வட்டிக்கே போய்விடும்.

3. நில உரிமையை உறுதிசெய்யுங்கள்

உரிமை உறுதியாகாத காட்டுக்கு ஊதியம் வாங்குவது ஆபத்து. காட்டுக்கு மதிப்பு வந்துவிட்டது என்று தெரிந்தவுடன், ஊரைவிட வலிய ஒருவர் அதற்கு உரிமை கோர வருவார். 2012-ஆம் ஆண்டின் காலி, தரிசு, கன்னி நிலச் சட்டமும் அதன் 2018 திருத்தமும் வந்த பிறகு, தலைமுறைகளாக ஊர் பயன்படுத்திவரும் நிலம்கூட எழுத்தில் பதிவாகாவிட்டால் “காலி” என்று கருதப்பட இடமுண்டு.

இதற்கு உள்ள வழி சமூகக் காட்டுச் சான்றிதழ். 1995-இல் வெளியான சமூகக் காட்டு அறிவுறுத்தல்கள் 2016-லும் 2019-லும் திருத்தப்பட்டன. பயனாளர் குழு அமைத்து, மேலாண்மைத் திட்டம் எழுதி, வனத்துறையிடம் விண்ணப்பித்தால் 30 ஆண்டுகளுக்கான உரிமை கிடைக்கும். அதை நீட்டிக்கவும் முடியும். 2016 திருத்தத்துக்குப் பிறகு காட்டு விளைபொருளை விற்பதற்கும் வழி பிறந்தது. மோன் மாநிலத்திலும் தனிந்தாரியிலும் கரேன் தேசிய ஒன்றியத்தின் நிர்வாகம் உள்ள இடங்களில், அதன் 2015 நிலக் கொள்கையின்படி சமூகக் காடுகளுக்குத் தனி நடைமுறை உண்டு. அங்குள்ளவர்கள் அதையே பின்பற்ற வேண்டும்.

இங்கே அடிக்கடி நேரும் பிழைகள் இரண்டு. ஒன்று, விண்ணப்பத்தைச் சுருக்கமாக முடிக்க வேண்டும் என்பதற்காக நிலமுள்ள சில குடும்பத் தலைவர்களை மட்டும் உறுப்பினராக்குவது. சான்றிதழில் பெயர் இல்லாதவர் பிறகு பங்கு கேட்கும்போது சட்டப்படி அவருக்கு இடமில்லை என்ற பதிலே கிடைக்கும். ஆகவே நிலமற்றவரையும், தனித்து வாழும் பெண்களையும், கணவன் மனைவி இருவரையும் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

மற்றொன்று, இந்தச் சான்றிதழே கார்பனை விற்கும் உரிமையையும் தந்துவிடுகிறது என்று எண்ணி ஒப்பந்தம் போடுவது. மரத்துக்கும் ஓலைக்கும் உள்ள உரிமை வேறு, வளிமண்டலத்துக்குப் போகாமல் தடுத்த கரியமில வாயுவை வெளிநாட்டாருக்கு விற்கும் உரிமை வேறு. பாரிஸ் உடன்படிக்கையின் 6-ஆவது விதியின்கீழ் நாடுகளுக்கிடையே கணக்கு மாற்றப்படும் விற்பனைக்கு அரசின் தனி ஒப்புதல் தேவை. அத்தகைய விற்பனை உங்கள் எண்ணத்தில் இருந்தால், அதற்கான ஒப்புதலைத் தனியாக, எழுத்தில் பெறுங்கள்.

4. ஊரின் ஒப்புதலைப் பெறுங்கள்

கட்டாயமின்றி, முன்கூட்டியே, முழுத் தகவலுடன் பெறப்படுவதே ஒப்புதல். கூட்டத்தில் கை தூக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்வது அதற்கு ஈடாகாது. முதல் கூட்டத்தில் செய்தியை மட்டும் சொல்லுங்கள், முடிவு கேட்காதீர்கள். குடும்பங்கள் தமக்குள் பேசிக்கொள்ளச் சில வாரங்கள் விடுங்கள். அடுத்து ஆண்கள், பெண்கள், நிலமற்றோர் எனத் தனித்தனியாக உட்கார்ந்து பேசிய பிறகே பொதுக் கூட்டம் கூட்டுங்கள். நிலம் வைத்திருப்பவர் முன்னால் அவரிடம் கூலி வேலை செய்பவர் மறுத்துப் பேசமாட்டார் என்பதே தனித்தனியாக உட்காரச் சொல்வதற்குக் காரணம்.

எதை விட்டுக்கொடுக்கிறார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு, இடையில் விலக முடியுமா, தருபவர் நிறுத்திவிட்டால் என்ன ஆகும் ஆகிய நான்கையும் தெளிவாகச் சொல்லுங்கள். வர இருக்கும் தொகையைப் பற்றி இந்தக் கட்டத்தில் எதுவும் பேசாதீர்கள். ஒரு எண்ணை வாயால் சொல்லிவிட்டால் ஊர் அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்ளும்.

இன்றைய நிலையில் ஒரு எச்சரிக்கை. உறுப்பினர் பெயர்ப் பட்டியலையும் வீட்டு இருப்பிடம் காட்டும் வரைபடத்தையும் இணையத்தில் ஏற்றவோ, தேவையில்லாதவர்களிடம் கொடுக்கவோ வேண்டாம். கொடையாளர் கேட்டால் எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள்.

5. காட்டை அளந்து தொடக்க நிலையைப் பதியுங்கள்

தொடக்கத்தில் காடு எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாவிட்டால், பிறகு காத்ததற்குச் சான்று இல்லை. எல்லையை ஊர்ப் பெரியவர்களுடனும் பக்கத்து ஊராருடனும் நடந்தும் படகில் சென்றும் கைப்பேசியில் பதியுங்கள். பக்கத்து ஊரார் உடன்வராத எல்லை, பின்னாளில் சண்டைக்குக் காரணமாகும். 2015 முதல் இயங்கும் சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு கடந்த ஆண்டுகளில் எவ்வளவு காடு போனது என்பதைக் கணக்கிட்டு வையுங்கள்.

பிறகு மரங்கள். கரையிலிருந்து உள்நோக்கி நேராகச் செல்லும் கோட்டில் 25 மீட்டருக்கு ஒன்றாக ஆறு வட்டங்கள் எடுங்கள். நடுவில் ஒரு கம்பை நட்டு, 7 மீட்டர் கயிற்றைச் சுற்றினால் ஒரு வட்டம். அதற்குள் 5 செ.மீ.க்கு மேல் விட்டமுள்ள ஒவ்வொரு மரத்தையும், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். தாங்கு வேர்கள் உள்ள சுரபுன்னை இன மரங்களில் மட்டும், மிக உயரமான வேர் தண்டைத் தொடும் இடத்துக்கு 30 செ.மீ. மேலே அளக்க வேண்டும், ஏனெனில் அதற்குக் கீழே உண்மையான தண்டு இல்லை. நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். ஏற்றம் தொடங்கியவுடன் படகுக்குத் திரும்பிவிடுங்கள்.

தையல் நாடா காட்டுவது சுற்றளவு. அதை 3.14 ஆல் வகுத்தால்தான் விட்டம். புதியவர்கள் சுற்றளவையே விட்டம் என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது, அதன் விளைவோ மிகப் பெரியது. கண்டல் மரங்களுக்குப் பொதுவாகப் பயன்படும் சூத்திரத்தின்படி, நிலத்துக்கு மேலுள்ள எடை (கிலோ) = 0.251 × மர அடர்த்தி (கன செ.மீ.க்கு கிராம்) × விட்டத்தின் (செ.மீ.) 2.46-ஆம் அடுக்கு. விட்டத்துக்குப் பதில் சுற்றளவைப் போட்டால் எடை ஏறத்தாழ 17 மடங்கு கூடிவிடும். பரிசோதிக்க வருபவர் அதைக் கண்டவுடன் உங்கள் மற்ற எண்களையும் நம்பமாட்டார்.

எடுத்துக்காட்டாக, 10 செ.மீ. விட்டமும் 0.7 அடர்த்தியும் உள்ள மரத்தின் எடை ஏறத்தாழ 51 கிலோ. அதை 0.47 ஆல் பெருக்கினால் கார்பன் 24 கிலோ, மேலும் 3.67 ஆல் பெருக்கினால் 87 கிலோ கரியமில வாயு.

ஆனாலும் கண்டல் காட்டின் பெருஞ்செல்வம் சேற்றில்தான் இருக்கிறது. இந்திய, பசிபிக் பெருங்கடல் பகுதிக் கண்டல்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவில், ஹெக்டேருக்குச் சராசரியாக 1,000 டன்னுக்கு மேல் கார்பன் இருப்பதாகவும் அதில் பெரும்பகுதி மண்ணில் இருப்பதாகவும் கண்டார்கள். கரை போட்டு நீரை வடித்து வயலோ குட்டையோ ஆக்கினால் அந்தச் சேறு காற்றுப்பட்டுச் சிதைந்து வாயுவாக வெளியேறுகிறது. ஆகவே புதிதாக நடும் கன்றுகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, நிற்கும் காட்டில் ஒரு கரையும் எழும்பாமல் தடுப்பதையே முதற்கடமையாக வையுங்கள். கொடையாளர்களுக்குக் கன்று நடும் படம் பிடிக்கும். அதற்காக வரிசையை மாற்றாதீர்கள்.

6. தொகையை நிர்ணயியுங்கள்

தொகை, விட்டுக்கொடுப்பவரின் நிகர இழப்பைவிடக் கொஞ்சமாவது கூடுதலாக இருக்க வேண்டும். கரி சுடுபவரின் விற்பனைத் தொகையிலிருந்து படகு எண்ணெய், கூலி, மூட்டை, வியாபாரியின் பிடித்தம் ஆகியவற்றைக் கழித்தால் கையில் நிற்பதே அவரது நிகர வரவு. பல வீடுகளில் அது அவர்கள் நினைத்ததைவிடக் குறைவாக வரும். அந்தக் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் விற்கும் வீசைக் கணக்கிலேயே போடுங்கள்.

மியான்மர் நாணயமான கியாட்டில் பல ஆண்டுகளுக்கான தொகையை எழுதாதீர்கள். கடந்த சில ஆண்டுகளில் கியாட்டின் மதிப்பு விழுந்த வேகத்தில், முதல் ஆண்டில் நியாயமாக இருந்த தொகை மூன்றாம் ஆண்டில் விறகுக்குக்கூடப் போதாது. அப்போது ஊர் மறுபடியும் வெட்டத் தொடங்கினால் அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. தொகையை 50 கிலோ அரிசி மூட்டைகளின் எண்ணிக்கையில் நிர்ணயித்து, கொடுக்கும் நாளின் சந்தை விலையில் கியாட்டாகக் கொடுப்பது எல்லோருக்கும் புரிகிற, விலைவாசியோடு ஏறுகிற முறை. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எந்த மாற்று விகிதத்தில் கியாட்டாகும் என்பதையும் எழுதியாக வேண்டும். 2022 ஆகஸ்டில் டாலருக்கு 2,100 கியாட் என்று அரசு நிர்ணயித்த விகிதத்துக்கும் சந்தை விகிதத்துக்கும் இடையே பெரும் இடைவெளி உண்டு. அதைப் பேசாமல் விட்டால் ஊரின் பங்கில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

சிறு தொகையால் பயனில்லை என்று மனம் தளர வேண்டாம். உகாண்டாவில் 2011 முதல் 2013 வரை 121 ஊர்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். அவற்றில் பாதியளவு ஊர்களில் காடு வைத்திருப்போருக்கு, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 28 டாலர் என்ற கணக்கில் ஊதியம் தருவதாகச் சொன்னார்கள். அந்த ஊர்களில் மரப்பரப்பு 4.2 சதவீதம் குறைந்தது. மற்ற ஊர்களில் 9.1 சதவீதம் குறைந்தது. ஆனால் அங்கே நிலத்துக்கு உரியவரும் வெட்டுபவரும் பெரும்பாலும் ஒருவரே. நம் பகுதியில் அப்படியில்லை, அதனால்தான் அடுத்த படி இவ்வளவு முக்கியமாகிறது.

7. பங்கீட்டை எழுதி ஊர் முன் படியுங்கள்

எல்லாக் குடும்பத்துக்கும் சமமாகப் பிரிப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் காட்டுக்குள் கால் வைக்காத கடைக்காரருக்கும், கரிச்சூளையை மூடிவிட்டு வந்தவருக்கும் ஒரே தொகை என்றால், சூளையை மூடியவர் ஏன் மூட வேண்டும்? என் பரிந்துரை மூன்று பகுதிகள். பெரும்பகுதி, இழப்பை நேரடியாக ஏற்கும் குடும்பங்களுக்கு. அடுத்தது காவல் சுற்று வருபவர்களுக்கு நாட்கூலியாக. மீதி குடிநீர்க் குளம், பள்ளி, கரை பழுதுபார்த்தல் போன்ற பொதுவேலைக்கு. விகிதத்தை ஊர்தான் முடிவுசெய்ய வேண்டும். இழப்பவரின் பங்கு பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளான் விவோ என்ற தரநிர்ணய முறை, கார்பன் விற்பனை வருவாயில் குறைந்தது 60 சதவீதம் பங்கேற்கும் மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறது. இடைத்தரகர் யாராவது இதைவிடக் குறைவாகப் பேசினால், இந்த எண்ணைச் சொல்லிப் பேசுங்கள்.

கோயில் திருவிழா முடிந்ததும் வரவு செலவைச் சபையில் படித்துக் காட்டுவது போல, இந்தக் கணக்கையும் பெயர் பெயராக, மூன்று மொழிகளிலும் வாய்விட்டுப் படியுங்கள். சுவரில் ஒட்டுவது மட்டும் போதாது, படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது போய்ச்சேர வேண்டும். அட்டை இல்லாதவர்களின் தொகையை வேறொருவர் கணக்கின் வழியாகக் கொடுப்பதானால், இரு சாட்சிகள் முன் கைநாட்டுடன் ரொக்கமாகக் கொடுத்து, அன்றே பதியுங்கள்.

8. பணம் தருபவரிடம் போங்கள்

இதுவரை செய்தவை கையில் இருந்தால் பேச்சில் உங்களுக்கு வலு இருக்கும். கார்பன் சந்தை ஒன்றே வழி என்று எண்ண வேண்டாம். அதற்கான திட்ட ஆவணம், வெளியார் சரிபார்ப்பு ஆகியவற்றின் செலவைச் சில நூறு ஏக்கர் உள்ள ஒற்றை ஊரால் தாங்க முடியாது. பல ஊர்கள் சேர்ந்தால்தான் அது கட்டுப்படியாகும். சிறிய அளவிலும் முடியும் என்பதற்குக் கென்யாவின் காசி விரிகுடாவில் உள்ள மிகோகோ பமோஜா திட்டம் சான்று: 117 ஹெக்டேர் கண்டல் காட்டை வைத்து 2013 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 டன் கரியமில வாயுவுக்கு ஈடான கார்பனை விற்று வருகிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஆராய்ச்சியாளர்களின் உதவி நெடுங்காலம் கிடைத்தது.

அருகிலேயே பயன்பெறுபவர்களையும் பாருங்கள். வியட்நாமில் 2011 முதல் நாடு முழுவதும் நீர்மின் நிலையங்கள், தமக்கு நீர் காக்கும் மலைக்காட்டு மக்களுக்குச் செலுத்துகின்றன. யூனிட்டுக்கு 20 டோங் என்று தொடங்கி, பிறகு 36 டோங் ஆனது. நம் கழிமுகத்தில் அப்படிப் பயன்பெறுபவர்கள் நண்டு ஏற்றுமதியாளர்களும், காட்டுக்குப் பின்னால் வயல் வைத்திருப்பவர்களும். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் வந்தபோது கடலுக்கும் ஊருக்கும் இடையே காடு இல்லாமல் போனதன் விலையை இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்றைப் பாருங்கள்: முதல் தொகை எந்த மாதம் வரும், தருபவர் விலகினால் எத்தனை மாதத்துக்கு முன்பே சொல்ல வேண்டும், புயலில் காடு அழிந்தால் ஊர் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டுமா. மூன்றாவதற்கு “ஆம்” என்று எழுதியிருந்தால் கையெழுத்திட வேண்டாம்.

9. வெட்டு வேறிடத்துக்குப் போகாமல் தடுங்கள்

அடுப்பு எரிய வேண்டும். இங்கே வெட்டக் கூடாது என்றால் பக்கத்துக் கால்வாயில் வெட்டுவார்கள். காட்டின் இழப்பு இடம் மாறுமே தவிரக் குறையாது. ஆகவே காவல் தொடங்குவதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே மாற்று விறகுக்கு ஏற்பாடு செய்யுங்கள். மிகோகோ பமோஜாவில் இதற்காகவே சவுக்கு நட்டார்கள். வயல் கரைகளிலும் ஊர்ப் பொது மேட்டிலும் வேகமாக வளரும் மரம் நடலாம். ஆலைகளில் குவியும் உமியை எரிக்கும் அடுப்பையும் பரப்பலாம். சவுக்கு வெட்டும் பருவத்துக்கு வரச் சில ஆண்டுகளாகும் என்பதால், அதுவரை எந்தப் பகுதியில், எந்தப் பருமன் வரை விறகு எடுக்கலாம் என்று விதியில் இடம் விடுங்கள்.

10. பாருங்கள், கொடுங்கள், தகராறைத் தீருங்கள்

சுற்றுக் காவலில் கரி சுட்டவர்களையே முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்டின் வழிகள் அவர்களுக்குத்தான் தெரியும், கூலியும் அவர்களுக்கே போய்ச் சேரும். வெட்டு அதிகம் நடக்கும் வறண்ட மாதங்களில், அதாவது நவம்பர் முதல் ஏப்ரல் வரை, சுற்றை அடிக்கடி வையுங்கள்.

கொடுக்கும் மாதம் தொகையளவுக்கே முக்கியமானது. பள்ளி திறக்கும் ஜூனுக்கு முன் ஒரு தவணையும், அறுவடைக்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரில் மற்றொரு தவணையும் கொடுங்கள். வேலையும் அரிசியும் குறையும் அந்த மாதங்களில்தான் குடும்பங்கள் முன்பணம் வாங்குகின்றன. அப்போது கையில் பணம் இருந்தால் வாங்கும் கடன் குறையும். கடன் குறைந்தால் வறண்ட மாதங்களில் வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடியும் குறையும்.

விதி மீறியவரை உடனே பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம். முதல் முறை எச்சரிக்கை, அடுத்து அந்தத் தவணையின் ஒரு பகுதியைப் பிடித்தம், பிறகு ஓராண்டு நீக்கம் என்று படிப்படியாக வையுங்கள். நீக்கப்பட்டவருக்கு விதியை மதிக்கக் காரணமே இருக்காது. நோய், சாவு, கடன் நெருக்கடி காரணமாக வெட்டியவர்களுக்குப் பொதுத்தொகையிலிருந்து வட்டியில்லாக் கைமாற்று கொடுக்கும் வழியையும் எழுதுங்கள். ஒரு குடும்பம் செய்த பிழைக்காக ஊர் முழுவதன் தொகையையும் நிறுத்த வேண்டும் என்று தருபவர் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி எழுதியிருக்கும் ஊர்களில் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் மறைக்கத் தொடங்குவார்கள், சுற்றுக் காவலின் பதிவேட்டில் உண்மை இருக்காது.

மூன்றாம் ஆண்டு முடிவில் அதே வட்டங்களில் அதே மரங்களை மறுபடி அளந்து, முதல் படியில் சொன்ன குடும்பப் பட்டியலையும் வீடு வீடாகப் போய்த் திருத்துங்கள். புதிதாகக் குடியேறியவர், மணமாகித் தனிக்குடித்தனம் போனவர், கணவனை இழந்தவர் ஆகியோரின் பெயர்கள் சேர்ந்த பிறகே நான்காம் ஆண்டுத் தவணையைக் கணக்கிடுங்கள்.